காலண்டருக்குப் பின்னால் ஓர் உளி

சென்னியப்பன் அண்ணன் இறந்து நாற்பத்தோராம் நாள், அவருடைய டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கிப்போய் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி மாட்ட ஓட்டை போட்டபோது, என் கைக்குள் அவருடைய கை இருந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். பானிப்பட்டு யுத்தம் மூன்றையும் தேதியோடு சொல்லத் தெரியுமே தவிர ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது, என் ஆணிகளுக்குப் பயந்தே எங்கள் வீட்டுச் சாமி படங்கள் அலமாரிக்குள் குடியிருந்தன. அப்படிப்பட்டவனுடைய கை அன்றைக்குத் தானாகவே சுவரை விரல் முட்டியால் தட்டி எங்கே கல் எங்கே வெறும் பூச்சு என்று கேட்டது, ஓட்டை விழவேண்டிய இடத்தில் காகித ஒட்டுநாடாவைக் குறுக்கே ஒட்டியது, அதற்குக் கீழே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையை வாய் திறந்தபடி ஒட்டித் தூசியெல்லாம் அதற்குள்ளேயே விழும்படி செய்தது, எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அடையாளமாக டிரில் முனையில் ஒரு துண்டு நாடாவைச் சுற்றியது, பிறகு மிஷினின் கைப்பிடியை ஜன்னல் கட்டையில் டொக் டொக்கென்று இரண்டு முறை தட்டிவிட்டு மெதுவான வேகத்தில் ஆரம்பித்தது.

அந்த இரண்டு தட்டு சென்னியப்பன் அண்ணனுடையது. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் கையில் இருக்கும் கருவியை அப்படித் தட்டுவார். ஏனென்று கேட்டால், "கதவத் தட்டாம ஒருத்தரு வீட்டுக்குள்ள போலாமுங்களா வாத்தியாரே? மரத்துக்குள்ள போறதும் அப்படித்தானுங்" என்பார். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பரவால்லயே, சென்னியப்பண்ணன் கையாட்டமே இருக்குதே" என்று சொல்லிவிட்டு, நான்காவது விசிலுக்குள் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். இதற்குமேல் இதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை; கம்பி இன்றைக்கும் இம்மியும் சாயாமல் நிற்கிறது, சாமி படங்களும் வெளியே வந்துவிட்டன.

கோவைக்குக் கிழக்கே ரங்கம்மாள் லே-அவுட் என்று கேட்டால் உங்களுக்குத் தெரியாது; தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் என்று கேட்டால் பஸ் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். மூன்று வீட்டுக்கு ஒரு லேத், இரண்டு தெருவுக்கு ஒரு வார்ப்படச் சாலை, காற்றில் எப்போதும் கொஞ்சம் இரும்புத்தூள், கொஞ்சம் சாம்பார் வாசனை. சென்னியப்பன் அண்ணன் பேட்டர்ன் வேலைக்காரர். பம்புசெட்டை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து, அந்த மரத்தை மண்ணில் பதித்து, பதிந்த பள்ளத்தில்தான் காய்ச்சிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருவத்தைச் செய்தவர் அவர். அவர் செய்த மரத்தின் வயிற்றிலிருந்து பிறந்த பம்புகள் எத்தனை ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறைக்கின்றன என்பது அவருக்கே தெரியாது. தை மாதம் ஒரு காலையில் டீ டம்ளரைக் கையில் வைத்தபடியே, டீ சிந்தாமல், போய்ச் சேர்ந்தார்.

அவருடைய மனைவி குணவதி அக்கா சத்துணவு மையம் நடத்துகிறவர், முந்நூறு பிள்ளைகளுக்குக் கணக்காகப் பருப்பு போட்டுப் பழகிய கை, எதையும் வீணாக்கப் பிடிக்காது. காரியம் முடிந்த மறுவாரமே கணவருடைய அறுபத்திரண்டு கருவிகளையும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த பழைய மோட்டார் அறைக்குக் கொண்டுவந்து, அவர் பச்சைப் பெயிண்டில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கோடிழுத்து வரைந்துவைத்திருந்த பெரிய பலகையைச் சுவரில் மாட்டி, ரம்பத்தின் கோட்டுக்குள் ரம்பமும் திருப்புளியின் கோட்டுக்குள் திருப்புளியுமாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதிவைத்தார்: எடுங்கள், வேலை செய்யுங்கள், துடைத்து எண்ணெய் தடவி அதே இடத்தில் மாட்டுங்கள், புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டால் நோட்டில் எழுதுங்கள்.

ஒருவர் கொடுத்தால் நாலு பேருக்குக் கொடுக்கத் தோன்றும். அவரவர் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்த ஆசைகளெல்லாம் மோட்டார் அறைக்கு இறங்கிவந்தன: இரண்டே நாள் மிதித்த தையல் மிஷின், ஒரே பிறந்தநாளுக்குப் பயன்பட்ட கேக் ஓவன், ஆறு மாத உற்சாகத்தில் வாங்கிய ஆர்மோனியம், நிலாவைப் பார்க்க வாங்கி எதிர்வீட்டைப் பார்த்ததால் பறிமுதலான தொலைநோக்கி. பிளக்ஸ் போர்டு கடையை மூடியிருந்த ரத்தினவேல் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, அதில் யாரும் யாருக்கும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள்களைப் போட்டுவைத்தான். எனக்கு அது விளங்கவில்லை, சும்மா கொடுக்கிறார்கள் என்றால் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்றேன். "வாத்தியாரே, பக்கத்து வீட்டுல கொழம்பு குடுப்பாங்க, எப்படி வெச்சீங்கன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிருவாங்க. இவங்க கொழம்போட சேத்து செய்முறையையும் எழுதிக் குடுத்துர்றாங்க. உப்பு பத்தலைன்னா போட்டுக்குங்க, போட்டத எங்களுக்கும் சொல்லுங்கங்கறாங்க. அவ்வளவுதான் வில்லங்கம்" என்றான்.

கருவிகளுக்குள் கை வந்த சங்கதி எனக்கு மட்டும் நடந்ததில்லை. சித்திரை பிறப்பதற்குள் எல்லார் வீட்டிலும் நடந்துவிட்டது, அதை நாங்கள் கரண்ட் வருவதையும் போவதையும் போல எடுத்துக்கொண்டோம். எந்தக் கருவியை யார் எடுத்தாலும் அதைக் கடைசியாகப் பிடித்தவரின் கைவாகு அவருக்கும் வந்தது. ரத்தினவேலுக்குப் பிறகு மவுஸைத் தொட்டவர்களெல்லாம் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் சேமித்தார்கள், நிமிஷத்துக்கு ஒருமுறை சேமித்தார்கள், சிலர் வீட்டுக்குப் போய்த் தோசைக்கல்லிலும் இடது சுண்டுவிரலால் சேமிக்கும் பொத்தானைத் தேடினார்கள். நான்காவது வீதி டீச்சர் கேக் அடித்த கரண்டியை எடுத்தவர்களுக்கு முட்டை ஒரே பக்கமாகச் சுழன்று நுரைத்தது. கை நடுங்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ரம்பத்தை எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்த வாரம் அதை வாங்கியவர்கள் கையெல்லாம் நடுங்கியது, ஆனால் அவரைப் போலவே கட்டைவிரல் நகத்தை ரம்பத்துக்கு வேலியாக வைத்து, அவசரமில்லாமல், இழுப்புக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து அறுத்தபோது எல்லாருடைய பலகையும் நூல் பிடித்த மாதிரி வந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு தீர்மானம் போட்டார்கள்: கோபமாக இருக்கும்போது யாரும் சுத்தியலை எடுக்கக் கூடாது, அடுத்தவர் விரல் நசுங்குகிறது.

குழப்பம் வைகாசியில் வந்தது. சங்கச் செயலாளர் பொங்கியண்ணன், கட்டட கான்ட்ராக்டர், அளவு நாடாவை இரண்டு வாரத்துக்கு எடுத்துப்போய்த் தன்னுடைய வேலையிடத்தில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்த நாடாவை யார் இழுத்தாலும் அரை அங்குலம் காணாமல் போனது. அலமாரிக் கதவுகள் மூடவில்லை, கொசுவலைகள் ஜன்னலுக்கு எட்டவில்லை. பொங்கியண்ணன் கொஞ்சமும் அசராமல், "நாடா பழசுங், வெயிலுக்குச் சுருங்கியிருக்குமுங்" என்றார். எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர், ஒரு கோட்டுக்கு மூன்று முறை ஸ்கேல் வைக்கிற மனுஷன், நாடாவை ஒரு வாரம் வீட்டில் வைத்து அளந்துகொண்டே இருந்த பிறகுதான் அது திருந்தியது. நாங்கள் சிரித்தோம். குணவதி அக்கா சிரிக்கவில்லை.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாடா இரண்டு வாரத்தில் பொங்கியண்ணன் ஆகிவிட்டதென்றால், ரம்பம் போஸ்ட்மாஸ்டர் ஆகிவிட்டதென்றால், சென்னியப்பன் எங்கே? அறுபத்திரண்டு கருவியிலும் ஒரு கைமேல் இன்னொரு கை ஏறி, அவர் கை அடியில் போய், ஒருநாள் இல்லாமலே போய்விடாதா? மறுநாள் காலை அறைக்கு வந்து பலகையிலிருந்து ஒன்றை மட்டும் கழற்றி முந்தானையில் சுற்றி எடுத்துப் போனார். அது வளைவு உளி. நுனி அகப்பையைப் போல் வளைந்து குழிந்திருக்கும், மரத்தின் உள்வயிற்றைத் தோண்டுவதற்கானது. அதன் கைப்பிடியைச் சென்னியப்பன் அண்ணன் தன் பத்தொன்பதாவது வயதில் தானே கடைந்து போட்டார், முப்பத்தேழு வருஷம் அவர் உள்ளங்கை பட்டுப்பட்டு அது கறுத்துப் பளபளத்தது. அதுவரை வேறு யாரும் அதை எடுத்திருக்கவில்லை.

பலகையில் பச்சைக் கோடு மட்டும் வெறுமையாக நின்றது. யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த வெறும் கோட்டைப் பார்க்க யாருக்கும் மனசு ஒப்பவில்லை என்பதால், யாரோ ஒருவர், யாரென்று இன்றுவரை தெரியாது, அதன்மேல் ஒரு மளிகைக்கடைக் காலண்டரை மாட்டிவிட்டார். மாதங்கள் கிழிந்தன, காலண்டர் இருந்தது.

வீட்டில் அக்கா அந்த உளிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் பட்டுத்துணியில் கிடத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும் அதைக் கையில் எடுப்பார். எடுத்ததும் கை தானாக அலமாரி விளிம்பில் டொக் டொக்கென்று தட்டும். அவ்வளவு போதும் அவருக்கு, திருப்பி வைத்துவிடுவார். ஆனால் ஆனி மாதத்தில் இரண்டாவது தட்டு லேசானது. ஆடியில் ஒரே தட்டுதான். ஆவணியில் விரல்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல இருந்தது, தட்டவில்லை. தான் தொட்டுத்தொட்டுத்தான் அவர் தீர்ந்துபோகிறார் என்று நினைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை என்பதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆக்கினார், பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஆக்கினார். இதையெல்லாம் அவர் பிற்பாடு எங்களிடம் சொன்னபோது, முந்நூறு பேருக்குப் பருப்பு பற்றாத நாளில் இருக்கிற முகம் அவருக்கு இருந்தது.

ஆடி கழிந்து ஆவணியில் வசந்தாமணி எங்கள் லே-அவுட்டுக்குக் குடிவந்தாள். முப்பத்திரண்டு வயது, வீட்டுக்காரன் லாரியில் வடக்கே போகிறவன். அவள் ஏதோ ஒரு பிரஸ் பட்டறையில் தகடு அழுத்தும் மிஷினில் வேலை பார்த்தவள். அந்த மிஷின் ஒருநாள் அவள் வலது கையின் நடு மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மீதி. பட்டறைக்கு முன்னால் அவள் துணி வெட்டுகிற வேலையில் கெட்டிக்காரி. ஒரு பனியன் கம்பெனியில் வெட்டும் பிரிவு மேஸ்திரி பழைய பழக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: ஆயுத பூஜை முடிந்து வரும் திங்கட்கிழமை வா, கத்தரியைப் பிடித்துப் பத்துத் துணி வெட்டிக் காட்டு, வெட்டிவிட்டால் மேஜை உன்னுடையது. அந்தப் பெரிய கத்தரி வலது கைக்காகவே செய்யப்பட்டது. இடது கையில் பிடித்தால் துணியைக் கடிக்கும், வெட்டாது.

மோட்டார் அறையைப் பற்றிக் கேள்விப்பட்டு அவள் முதலில் வந்தது ரத்தினவேலிடம்தான். இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் மூன்று சாயங்காலம் தேடி, உலகத்தின் எங்கோ ஒரு குளிர் மூலையில் மீன்பிடிக்கப் போய் விரல்களை இழந்த ஒரு மனிதர் தனக்காக வரைந்து, வரைந்ததை எல்லாருக்கும் பொதுவில் போட்டுவைத்திருந்த ஒரு கைப்பிடியின் வரைபடத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கையில் கிண்ணம்போலப் பொருந்தும், வெளிப்பக்கம் கத்தரியின் வளையத்தை வாங்கிக்கொள்ள ஒரு பள்ளம் இருக்கும். அடியில் அவர் எழுதியிருந்ததை ரத்தினவேல் படித்துச் சொன்னான்: இது என் கைக்குச் செய்தது, உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதை இங்கே போடுங்கள், அடுத்தவருக்கு ஆகும். வசந்தாமணி திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த மீன்காரருக்கு அந்நேரம் புரையேறியிருக்க வேண்டும்.

ரத்தினவேல் படத்தை நகலெடுத்து அவள் கை அளவுக்குச் சுருக்கினான். அச்செடுத்த முதல் தாள் தப்பாக வந்தது, ஏனென்றால் கம்ப்யூட்டர் தானாகவே தாளுக்குப் பொருத்தி அளவை மாற்றிவிட்டது. அன்றைக்கு நோட்டில் ஏறிய குறிப்பு இது: அளவு முக்கியமென்றால் 'தாளுக்குப் பொருத்து' என்பதை நீக்கிவிட்டு நூறு சதவீதத்தில் அச்சிடவும், படத்தின் ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுவைத்து ஸ்கேலால் சரிபார்க்கவும். அதற்குக் கீழே இன்னொன்று: மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் குளிக்கும் சோப்பில் செதுக்கிப் பழகவும், சறுக்கினால் நஷ்டமில்லை, குளித்துவிடலாம்.

சோப்பில் வந்தது. பூவரசங்கட்டையில் வரவில்லை. வெளி உருவத்தை இடது கையாலேயே ரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவிக் கொண்டுவந்துவிட்டாள். உள்ளே கிண்ணம்போலக் குடைகிற இடத்தில் தட்டை உளி மரத்தைப் பிளந்துவிட்டது. இரண்டாவது கட்டையும் பிளந்தது. மூன்றாவது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள் இருக்கையில், பலகையை ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் காலண்டருக்கு முன்னால் நின்றாள். புது ஆள், அவளுக்குத் தெரியாது. மீதியிருந்த கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் காலண்டரை இடுக்கித் தூக்கினாள். பின்னால் பச்சைக் கோடு, நுனி அகப்பையாக வளைந்து.

"இதேதானுங்! இப்படி வளைஞ்சிருந்தாத்தான் கொடைய முடியும். இது எங்கீங்க?" என்றாள்.

ரத்தினவேலுக்கு இருமல் வந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "அது... அக்கா வீட்டுல பூஜையில இருக்குதும்மா" என்றேன்.

"ஆயுத பூஜைக்கு வெச்சிருக்காங்களாட்ட இருக்குது" என்று அவள் பாட்டுக்குச் சொன்னாள். "பரவால்லீங்ணா. மறுநாள் எடுத்துருவாங்கல்லங், அப்ப வாங்கிக்கறேன்."

குணவதி அக்கா வாசலில் நின்றிருந்தார். எண்ணெய்க் கிண்ணம் கொண்டுவந்தவர். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். ரத்தினவேல் காலண்டரை நேராக்கினான்.

ஆயுத பூஜை எங்கள் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. லேத்துக்கு மாலை, லாரிக்கு மாலை, கத்தரிக்கோலுக்குக்கூடச் சந்தனம். அன்றைக்கு ஒருநாள் எந்தக் கருவியையும் தொட்டு வேலை செய்யக் கூடாது, அவை ஓய்வெடுக்க வேண்டும். மோட்டார் அறையைக் கழுவிவிட்டு, அறுபத்தொரு கருவிக்கும் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் படைத்து, பொங்கியண்ணன் புது வேட்டியில் பூசணிக்காய் உடைத்தார். பொட்டு வைத்துக்கொண்டே வந்த என் மனைவி காலண்டருக்கும் ஒரு பொட்டு வைத்தாள். அளவு நாடாவைத் துணியில் கிடத்தும்போது பொங்கியண்ணன் அதன் டப்பாவைத் தரையில் இரண்டு முறை டொக் டொக்கென்று தட்டினார். தான் தட்டியது அவருக்கே தெரியவில்லை. ஆனால் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த குணவதி அக்காவின் கரண்டி அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து அவரவர் ஒரு சின்ன வேலையாவது செய்ய வேண்டும், எடுக்காமல் விட்டால் பூஜை முடிந்ததாகாது. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஐந்து மாதமாகப் பூஜையில் வைத்ததை எடுக்காமலே இருந்தவர் அக்கா ஒருவர்தான். காலை ஒன்பது மணிக்கு, அறையில் எல்லாரும் ஆளுக்கொரு ஆணியும் திருகும் போட்டுக்கொண்டிருந்தபோது, பட்டுத்துணியில் சுற்றிய உளியோடு வந்தார். நேராக வசந்தாமணியிடம் போனார்.

"அம்மிணி, இதுல எங்க வீட்டுக்காரரு இருக்காருன்னு வெச்சிருந்தேன்" என்றார். "இப்ப இருக்காரான்னு எனக்கே தெரியல. இருந்தா உனக்கு ஒதவட்டும். இல்லீன்னாலும் உளி நல்ல உளி, நெம்பக் கூரு, கை பத்திரம்."

வசந்தாமணி பதறிப்போனாள். "ஐயோ, வேண்டாங்கக்கா, நான் தெரியாமக் கேட்டுட்டேன்."

"கேட்டது நல்லதாப் போச்சு. புடி."

இடது கையில் வாங்கினாள். நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டோம், நிறுத்தவில்லை என்பதுபோல் பாவனை செய்தோம். உளி தட்டவில்லை. முப்பத்தேழு வருஷம் வலது கைக்குப் பழகிய கைப்பிடி அவள் இடது உள்ளங்கையில் தவறான பக்கத்தில் முட்டியது, மணிக்கட்டை எதிர்த்திசைக்குத் திருப்பியது, இரண்டு முறை சறுக்கிக் கட்டையின் உதட்டைக் கீறியது. சென்னியப்பன் அண்ணனுக்கு இடது கை என்று ஒன்று இருந்ததே பேருக்குத்தான். ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்த ஆறு வாரமும் இடது கையால் ஒரு சோப்பைக்கூடப் பிடிக்கத் தெரியாமல், அக்காதான் அவருக்குச் சோறு ஊட்டி, சட்டைப் பொத்தான் போட்டு, முகம் மழித்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா இருபது வருஷம் கேலி செய்திருக்கிறார். இப்போது அதே மனுஷன் அந்த உளிக்குள் இருக்கிறாரா, இருந்துகொண்டு தெரியாமல் முழிக்கிறாரா, அல்லது போயே போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டு அக்கா சுவரில் சாய்ந்து நின்றார், கண் இமைக்கவில்லை.

வசந்தாமணி விடவில்லை. கட்டையை விலாவோடு அணைத்து வலது மணிக்கட்டால் இறுக்கிக்கொண்டாள். விரல் இல்லாதவள் தானாகக் கண்டுபிடித்த பிடி அது. உளியைக் கீழிருந்து பிடித்துப் பார்த்தாள், மேலிருந்து பிடித்துப் பார்த்தாள், கட்டைவிரலை முதுகில் வைத்துப் பார்த்தாள். பதினொரு மணி இருக்கும், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி உளியைத் தூக்கியவளின் இடது கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு கட்டையின் ஓரத்தில் தட்டியது. டொக். கொஞ்சம் யோசித்து, டொக்.

அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது, அவர் உயிரோடிருந்தபோது அவள் இந்தப் பக்கமே வந்ததில்லை. குனிந்து அழுத்தினாள். முதல் சீவல் வெங்காயத் தோல்போலச் சுருண்டு வந்து அவள் மடியில் விழுந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பொங்கியண்ணன், அரை அங்குலம் திருடிய அதே பொங்கியண்ணன், மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மரத்தூளு கண்ணுல போயிருச்சுங்" என்றார். அவர் நின்ற இடத்தில் மரத்தூள் இல்லை.

மூன்று நாள் செதுக்கினாள். உளியைத் தினமும் சாயங்காலம் கொண்டுபோய் அக்காவிடம் கொடுக்கப் போனாள். அக்கா வாங்கவில்லை, வேலை முடியட்டும் என்றார். கைப்பிடி முடிந்து, உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, கத்தரியின் வளையம் பள்ளத்தில் சொடுக்கென்று உட்கார்ந்தபோது, ரத்தினவேல் மாற்றங்களையெல்லாம் படத்தில் ஏற்றி அந்த மீன்காரரின் படத்துக்குக் கீழே திருப்பிப் போட்டான். விலாவில் அணைத்துப் பிடிக்கிற முறையைக் குறிப்பில் நான் எழுதிக்கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய சரித்திரத்தில் உருப்படியானது அதுதான்.

திங்கட்கிழமை போய்ப் பத்துத் துணிக்குப் பதினான்கு வெட்டினாளாம். மேஸ்திரி கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் மைத்துனருக்கும் ஒன்று வேண்டுமே, அவருக்கு நாலு விரல்தான் என்றாராம். மேஜை கிடைத்துவிட்டது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக மோட்டார் அறைக்கு வந்தாள், உளியைத் துடைத்து, எண்ணெய் தடவி, இரண்டு கையாலும் ஏந்தி அக்காவிடம் நீட்டினாள்.

"அண்ணனுக்கு நான் கடன்பட்டவளுங்கக்கா" என்றாள்.

அக்கா எப்போதும்போல வலது கையில் வாங்கினார். வாங்கியதும் முகம் மாறியது. உளி வலது கையில் டொக் டொக்கென்று பலகை விளிம்பில் தட்டியது, தை மாதத்துக்கு முந்தைய அதே தட்டு, அதே அழுத்தம். தட்டி முடித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மெல்ல நகர்ந்து அவருடைய இடது கைக்கு மாறியது, அங்கே சௌகரியமாக, புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி கொஞ்சம் கர்வமாக, உட்கார்ந்துகொண்டு இடது கையாலும் தட்டிக் காட்டியது. டொக் டொக். அக்கா இடது கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிவைத்துப் பார்த்தார். பிறகு, நாங்கள் எல்லாரும் நிற்கிறோம் என்பதையே மறந்து, இருபத்தெட்டு வருஷம் கூப்பிட்ட குரலில் கூப்பிட்டார்:

"ஏனுங்... இதெப்பங்க கத்துக்கிட்டீங்க?"

நாங்கள் அவரவர் கையிலிருந்த திருப்புளியை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, காலண்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, உளியை அதன் பச்சைக் கோட்டுக்குள் மாட்டினார். ஒருமுறை தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் நோட்டை எடுத்து, தேதி போட்டு, சத்துணவுப் பதிவேட்டில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதினார்:

வளைவு உளி. இனி இடது கைக்காரர்களும் எடுத்துப் போகலாம்.